பிரேசில் மரத்துக்கு எண்ணெய்

ஊற்றுவது வேலையில்லை, துடைப்பதுதான் வேலை. என் வீட்டுக்காரர் எத்தனை வருஷமாக எத்தனை ஆட்களிடம் இதைச் சொல்லியிருப்பார். இந்தப் பலகைகளுக்கு வாய் இருந்தால் அவையும் இதையேதான் சொல்லும். ஒரு கை எண்ணெய் விட்டு, மர ரேகை ஓட்டத்தோடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்து, கொஞ்ச நேரம் குடிக்க விட்டு, குடிக்காமல் மிச்சம் வைத்ததைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் பிசுபிசுவென்று நின்று காற்றில் வருகிற தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். இது அதிகம் குடிக்கிற மரமுமில்லை. கல் மாதிரி மரம். துண்டு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட மரத்துக்கு எதற்கு எண்ணெய் என்றால், வெயிலுக்குத்தான். வெயில் பட்டால் நிறம் போய் நரைத்துவிடும். நரைத்தால் நரைக்கட்டும், நமக்கு நரைக்கவில்லையா. ஆனால் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தால் மயிரிழையாக வெடிப்பு விடும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், பிறகு பலகை நெளியும். பம்ப்செட் கண்காட்சிக்கென்று பிரேசில் போன மனுஷன் பம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். தங்கின ஓட்டலில் வெளியே மரத்தில் தளம் போட்டிருந்தானாம், நாளெல்லாம் மழையில் கிடந்தும் அப்படியே இருந்ததாம், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாராம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஆனைகட்டிச் சரிவில் வீடு கட்டும்போது மேற்கே மலையைப் பார்த்தாற்போல அதே மரத்தில் தளம் போட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி லாரியில் வந்தது. முதல் நாளே ஆசாரியின் துளைபோடும் ஊசிகள் வரிசையாக முனை மழுங்கிப்போக, இது மரமில்லீங்க, இரும்புக்கு நெறம் அடிச்சு ஏமாத்திப்போட்டானுங்க என்றார் அவர். இவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எவ்வளவு சந்தோஷம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக விட்ட சந்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார், அடியில் ஈரம் நிற்கிறதா என்று. என் மூட்டு வலிக்கு ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில்லை.

மூட்டுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டிருக்கிறேன், அப்படியும் குத்துகிறது. அடுத்த பலகை. இவர் உள்ளே தூங்குகிறார். இட்லி தின்று மாத்திரை போட்டுப் படுத்தால், வெயில் கூரையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிற வரைக்கும் அசைய மாட்டார். தினமும் அப்படித்தான், அதை நம்பித்தான் இறங்கினேன். வெயில் பட்ட மரத்தில் எண்ணெய் போடவும் கூடாது, போட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். ஆக வீட்டு நிழல் தளத்தில் விழுந்திருக்கிற காலையில்தான் இந்த வேலை. கோடை மழைக்கு முன்னால் வருஷா வருஷம் கணேசன் ஆட்களோடு கோயமுத்தூரிலிருந்து வந்து பண்ணிவிட்டுப் போவான். இந்த வருஷம் அவனுக்குத் திருப்பூரில் பெரிய வேலை கிடைத்துவிட்டது, போனை எடுப்பதில்லை. வீட்டு வேலைக்கு வருகிற மருதாயி கோயிலில் தீக்குண்டம் இறங்கக் காப்புக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். போனால் போகிறது, கழுவிக் காயவைத்து மூன்று நாளாகிறது, மேகம் வேறு கூடுகிறது, நானே போட்டுவிடுகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். செந்தூரனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓசூரிலிருந்தே கத்துவான். அம்மா, உனக்கென்ன வயசு, அந்த மரம் போனாப் போகுது, நீ போயிட்டா அப்பாவை ஆரு பாக்கறது. அப்புறம் அவனே, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டதே என்று, சரவணம்பட்டிப் பக்கம் இருக்கிற அந்த இடத்துக்கு வருவான். மறதி வந்தவர்களுக்கென்றே நடத்துகிறார்களாம். ராத்திரி பகல் ஆள் இருப்பார்களாம், வழுக்காத தரையாம், கம்பி பிடித்து நடக்கலாமாம். ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, இன்று ராத்திரிக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். குளியலறையில் இவர் விழுந்து இடுப்புக்குத் தகடு வைத்தாயிற்று, இன்னொரு தடவை விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரின் மேஜை எந்த மரம் என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்தூரன் சொல்வதில் தப்பேதும் இல்லை. அவன் நல்ல பையன். நேற்றுத்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டான். அப்பாவுக்கு இப்ப ஆரு பாத்துக்கிட்டாலும் ஒண்ணுதானம்மா. அந்த வார்த்தை நேற்றிலிருந்து தொண்டையில் மீன் முள்ளாகக் கிடக்கிறது. சோற்று உருண்டையை விழுங்கியும் இறங்கவில்லை.

அது பொய்யென்று எப்படிச் சொல்வேன். போன ஐப்பசியிலிருந்து என் பேரை இவர் கூப்பிடவில்லை. காப்பி கொடுத்தால் வாங்கிக்கொண்டு, ரொம்ப சந்தோசமுங்க என்கிறார். எனக்கு. கட்டின பெண்டாட்டிக்கு. நான் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது. கேட்டைத் திறக்காதீங்க என்றால் திறக்கிறார், அடுப்புக்கிட்டே போகாதீங்க என்றால் போகிறார், நீ ஆரு எனக்குச் சொல்றதுக்கு என்கிறார். யாரோ ஒருத்தி, எந்நேரமும் வேண்டாம் வேண்டாம் என்கிற ஒருத்தி, அவ்வளவுதான் நான். அப்படியென்றால் சரவணம்பட்டியில் யூனிபாரம் போட்ட ஒருத்தி சொன்னால் என்ன, நான் சொன்னால் என்ன. எண்ணெய் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். சாக்கையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அடுத்த பலகை. எண்ணெய் பட்டதும் சாம்பல் பூத்த மரம் கருஞ்சிவப்பாகத் திரும்புகிறது, அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, யார் மறுத்தார்கள். துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடக்கூடாது, சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். அதனால் பக்கெட் தண்ணீரில் முக்கி வைத்திருக்கிறேன். இதுவும் இவர் சொல்லிக்கொடுத்ததுதான். திரும்பி, எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்த்தேன். பார்த்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. முக்கால் தளம் ஈரமாகப் பளபளக்கிறது. அந்தப் பளபளப்புக்கு அந்தப் பக்கம் கதவு. இந்தப் பக்கம் நான்.

அட கூறுகெட்டவளே. கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். வீட்டுச் சுவரை ஒட்டின முதல் பலகை, அதிலும் வடகிழக்கு முனை. சனி மூலை. எந்த வேலையையும் சனி மூலையில்தான் தொடங்க வேண்டும், கிணறு வெட்டினாலும் கடைக்கால் போட்டாலும் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் முதல் கை அங்கேதான், அப்போதுதான் தடங்கலில்லாமல் முடியும் என்று நான் மருமகளாக வந்த நாள் முதல் மாமியார் ஓதி ஓதி, யோசிக்காமலேயே கை அங்கே போய்விட்டது. எங்கள் பம்ப்செட் கம்பெனிக் கணக்கையெல்லாம் முப்பது வருஷம் பார்த்தவள் நான், கதவு எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. சனி மூலையில் தொடங்கிய வேலை தடங்கலில்லாமல் நடந்து, நான் மட்டும் எதிரே தென்மேற்குக் கன்னி மூலையில் மாட்டிக்கொண்டேன். இறங்கிப் போகப் படியும் கிடையாது. சரிவில் தூண் நட்டுத் தூக்கிக் கட்டின தளம், மூன்று பக்கமும் கைப்பிடி, கீழே இரண்டாள் ஆழத்தில் பாறை. படி வைக்கலாம் என்று ஆசாரி சொன்னபோது, மலையைப் பார்க்கற பக்கம் படி எதுக்கு, யானை ஏறி வரட்டும்னா என்று இவர்தான் தடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, மிச்சமிருக்கிற பலகைகளையும் முடித்துவிட்டுக் கைப்பிடியோரம் உட்கார்ந்திருப்போம், சாயங்காலத்துக்குள் கால் வைக்கிற அளவுக்குக் காயாதா என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சாயங்காலம் வரை இவர் தூங்க மாட்டாரே.

இவர் எழுந்தால் முதலில் வருகிற இடம் இதுதான். எது மறந்தாலும் எழுந்ததும் மலையைப் பார்க்க வேண்டும் என்பது மறக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளுவார், ஒரு அடி வைப்பார். காலில் சாக்ஸ். பங்குனி வெயிலிலும் கால் குளிருகிறது என்று சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். எண்ணெய்த் தரையில் சாக்ஸ் கால். குளியலறையில் விழுந்த அன்றைக்கு எனக்குக் கேட்டது ஒரே சத்தம், அரிசி மூட்டையை இறக்கிப் போட்டாற்போல. ஓடிப்போய்ப் பார்த்தால் கத்தவில்லை, அழவில்லை, தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்து, மன்னிச்சுக்குங்க என்றார். இந்தக் கண்ணாடிக் கதவுக்கோ தாழ்ப்பாள் உள்பக்கம், இங்கிருந்து போட முடியாது. நான் எழுந்து இப்போதே நடந்து போய்விடலாம். நடந்தால் தடம் விழும், விழட்டும், மறுபடி துடைத்துக்கொள்ளலாம். வழுக்கி நான் விழுந்தால்? நான் இங்கே கிடக்க, இவர் அங்கே வந்து நிற்க, யார் யாரைத் தூக்குவது. கைப்பிடியைப் பிடித்தபடி ஓரமாகப் போகலாம். ஆனால் கைப்பிடி வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து கதவு வரைக்கும் பிடிக்க ஒன்றுமில்லை. முதலில் போட்ட பலகைகள் இந்நேரம் கொஞ்சம் இழுத்திருக்குமா. இழுத்திருக்கும். இழுத்திருக்காது. இந்த மரம்தான் குடிக்காதே. உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. தூங்குகிறார். போய்விடு துளசிமணி, இப்போதே எழுந்து போ என்கிறது ஒரு மனசு. இன்னும் நாலே பலகை, பாதியில் விட்டால் கோடு விழுந்துவிடும், வருஷம் பூராவும் கண்ணை உறுத்தும் என்கிறது இன்னொன்று. கை தானாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நானும் இவரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்தான், எனக்கும் மரம் முக்கியமாகப் போய்விட்டது பாருங்கள். வெயில் கூரை விளிம்புக்கு வந்துவிட்டது. கைப்பிடி நுனியில் மட்டும் ஒரு விரல் அகலம் விழுந்திருக்கிறது. கடைசிப் பலகைக்கு வந்தபோது கதவு நகர்கிற சத்தம் கேட்டது.

நிமிர்ந்தேன். வேட்டியும் பனியனுமாக நிற்கிறார், தலைமயிர் ஒருபக்கம் படிந்து. பார்வை என் தலைக்கு மேலே மலையில் இருந்தது. வலது கால் வாசல் கட்டையைத் தாண்டி அந்தரத்தில் வந்துவிட்டது. ஏனுங்க, வேண்டாமுங்க, அங்கயே நில்லுங்க என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். கத்தியது தப்பு, எனக்கே தெரியும். முகம் சுருங்கிற்று. புருவம் ஏறிற்று. அந்தக் கால் பின்னால் போகவில்லை, பிடிவாதமாகக் கீழே இறங்கப் பார்த்தது. நீ ஆரு, என்னைய நில்லுங்கறதுக்கு. அந்த ஒரு நொடியில் எனக்கு என்ன தோன்றியதோ, சாமி கொடுத்த புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். நானுங்க, எண்ணெய் போட வந்த ஆளுங்க, ஈரமா இருக்குதுங்க என்றேன். கால் அப்படியே நின்றது. மெதுவாகக் கட்டைக்கு உள்ளே போயிற்று. கம்பெனியில் இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தரையில் வேலை நடக்கிற இடத்தில் கடைசி ஹெல்ப்பர் வராதீங்க என்று சொன்னாலும் முதலாளியான இவர் நின்றுவிடுவார். வேலை செய்யறவன் சொன்னா நிக்கோணும், அவனுக்குத்தான் தெரியும் என்பார். பெண்டாட்டி சொல்லி நிற்காத கால் எண்ணெய் போடுகிறவள் சொல்லி நின்றுவிட்டது. நிம்மதி வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது.

கணேசன் அனுப்பிச்சானா என்றார். ஆமாங்க என்றேன். பொம்பளையாளுக நல்லாத்தான் செய்வீங்க, அவசரப்பட மாட்டீங்க என்று சொல்லிவிட்டு, கதவுக்கு உள்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், மேஸ்திரி மாதிரி. ஓட்டத்தோட தேய்க்கோணும் அம்மிணி, குறுக்க தேச்சா கோடு உளுகும். சரிங்க. ஊத்தறது வேலையில்ல என்று அவர் தொடங்க, துடைக்கறதுதானுங்க வேலை என்று நான் முடித்தேன். அட, தெரிஞ்சிருக்குதே என்று சந்தோஷப்பட்டார். இந்த மாதிரி நாங்கள் பேசி எத்தனை மாதம் ஆகியிருக்கும். பேசினது அவரும் நானும்தான், ஆனால் நான் இல்லை. அது உறுத்தியது, ஆனாலும் பேச்சு நின்றுவிடக் கூடாதென்றும் இருந்தது. பேச்சு ஓடுகிற வரைக்கும் நாற்காலியில் இருப்பார். கடைசிப் பலகையைத் துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தேன். இது எந்த ஊரு மரமுங்க என்று கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டால் விடுவாரா. பிரேசில், கப்பல், ஓட்டல், மழை, எல்லாம் வந்தது, ஒரு வார்த்தை பிசகவில்லை. கதவுக்கருகே வெயில் வரும் முன் இந்த ஈரம் இழுத்துக்கொண்டால் போதும், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக வந்து விடுவேன் என்று ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் முதுகில் வெயில் இறங்கிவிட்டது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து மரத்தில் சொட்டியது, அவசரமாகத் துடைத்தேன். அதைப் பார்த்துவிட்டார் போல. அடடா, வெயில்ல காயறயே, தண்ணி குடிச்சயா என்றார். குடிச்சேனுங்க, வேண்டாமுங்க. என்ன வேண்டாம், இரு என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

சமையலறையில் சொம்பு உருளுகிற சத்தம். குழாய்ச் சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. வேலைக்கு வந்தவர்களுக்குத் தண்ணீரை எட்ட நின்று நீட்டுகிற மனுஷனில்லை இவர், கையில் கொண்டுவந்து கொடுப்பார். வேலை செய்கிறவள் சொன்னால் நிற்பார், ஆனால் தாகத்தோடு இருக்கிறவளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறபோது நிற்க மாட்டார். சாக்ஸ் கால் ஓசையில்லாமல் ஹாலில் வருகிறது, சொம்பு தளும்ப, கண் முழுக்க சொம்பிலேயே. எழுந்தேன். மூட்டு கடகடவென்றது. மரத்தையும் பார்க்கவில்லை, கைப்பிடியையும் தேடவில்லை. குண்டத்தில் இறங்குகிறவர்கள் இப்படித்தான் நடப்பார்கள் போலிருக்கிறது, கீழே பார்த்தால் தீர்ந்தது. வெறுங்கால் எண்ணெயில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது, இரண்டு இடத்தில் சறுக்கியது, இடுப்பு தானாக வளைந்து பிடித்துக்கொண்டது. வாசல் கட்டைக்கு மேல் அவர் காலைத் தூக்கும்போது சொம்பைப் பிடித்துவிட்டேன். சொம்பை மட்டுமில்லை, அவர் கையையும் சேர்த்து. தண்ணீர் என் ரவிக்கையெல்லாம் சிந்தியது. உள்ளே வந்துதான் மூச்சே விட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அய்யய்யோ, தடம் உளுந்துருச்சே அம்மிணி என்றார். திரும்பிப் பார்த்தேன். கன்னி மூலையிலிருந்து கதவு வரை என் காலடி ஒவ்வொன்றும், சறுக்கின இடத்தில் நீளமாக இழுத்து. அவர் குரலைத் தாழ்த்தி வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டார். எங்கூட்டுக்காரி வெளிய போயிருக்கறா. வந்தா கண்ணுல வெளக்கெண்ணெய உட்டுட்டுப் பாப்பா. வாய்க்குக் கொண்டுபோன சொம்பை இறக்கிவிட்டேன். அவங்க ரொம்ப வைவாங்களாங்க என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவர் என் கையிலிருந்த சொம்பைப் பார்த்து, குடி குடி என்று சைகை காட்டிவிட்டுச் சொன்னார். நீ பயப்படாத. நான்தான் நடந்தேன்னு சொல்லிக்கறேன். என்னைய வைவா, நல்லா வைவா. வஞ்சுபோட்டு சோறு போட்டுருவா. அவ கையில தின்னுட்டன்னா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

உட்கார்ந்துவிட்டேன், வாசல் கட்டையிலேயே. அழுகை வந்தது, அடக்கவில்லை, எதற்கு அடக்க வேண்டும். வேலைக்காரப் பெண் தடம் விழுந்ததற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அழுவாத, அழுவாத, மரந்தான, தேச்சா போயிரும் என்று தலையைத் தட்டிக்கொடுத்தார். செந்தூரனுக்கு ராத்திரி சொல்லிவிடலாம். கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கட்டும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் ஆள் இங்கே வரட்டும், தளத்துக்குப் போகிற கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். இவர் எங்கேயும் போகப் போவதில்லை. பசிக்குதுங்களா என்று கேட்டேன். அவ வரட்டும் என்றார். எண்ணெய்க் காலோடு டைல்ஸில் தடம் வைத்துக்கொண்டே அரிசி களையப் போனேன்.